தூண் முறிந்த சேரி

தில்லைமுனை,
09.02.2025

அன்புள்ள மருமகன் ரதீசுக்கு,

மாமா வினாசித்தம்பி எழுதுவது. முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வரி மேலே ஏறும், பிறகு கீழே இறங்கும். ‘ழ’ போட்டால் அது நண்டு போலக் காலை விரித்துக்கொண்டு நிற்கும். ஒரு வரி முடிந்ததும் கையை உதறிவிட்டு, வெற்றிலை போட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வருகிறேன். ஆனாலும் இது நானே எழுதுவது. யாரும் சொல்லித்தரவில்லை, பக்கத்தில் யாரும் இல்லை. இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் மிச்சம் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

எப்படிப் படித்தேன் என்று கேட்பீர்கள். உங்களைப் பிடித்து மறியல் சிறையில் போட்ட பிறகு மகள் பிரஷாந்தி விடியவே நாவற்குடாவில் உடுப்புத் தைக்கிற இடத்துக்குப் போய்விடுகிறாள். வலை வீச முடியாத நான் வீட்டில். உங்கள் மகள் யதுர்ஷியைப் பாலர் பள்ளிக்குக் கூட்டிப்போவது என் வேலையானது. பள்ளிக் கட்டிடம் நீங்கள் போகும்போது நின்ற அதே கோலத்தில்தான் நிற்கிறது. பக்கத்தில் ஒரு கிடுகுக் கொட்டில் போட்டு அதில் நடத்துகிறார்கள். அரசாங்கம் காலைக் கஞ்சிக்கு அரிசி, பயறு, நெத்தலி கொடுக்கிறது. சமைப்பதற்கு வீட்டுக்கு ஒரு ஆள் முறைவைத்து வரவேண்டும். எங்கள் வீட்டு முறைக்கு நான் போனேன். மற்ற வீட்டுக்காரரின் முறைகளிலும் கூடமாடப் போனேன். வேறு வேலை இல்லைதானே.

கம்சாயினி ரீச்சர் வந்தாறுமூலையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அரசாங்கக் கந்தோரிலிருந்து அஸ்மியா மிஸ் வருவார். பாலர் பள்ளிகளைப் பார்க்கிற உத்தியோகத்தர், ஏறாவூர் முஸ்லிம் பிள்ளை. அவர் ஒருநாள் ரீச்சரைப் பிடித்து ஏசினார். “இந்த வயசுப் புள்ளையளுக்குச் சோறு தீத்துற மாதிரி எழுத்துத் தீத்தப்படாது. விளையாட உடுங்க. மண்ணுல உருட்டட்டும், பாடட்டும். அப்பதான் மூளை வளரும்.”

நான் கஞ்சிக் கிடாரத்தைத் துழாவிக்கொண்டே சொன்னேன், “அப்ப அந்த எழுத்த எனக்குத் தீத்துங்க மிஸ். எண்ட மூளை இனி வளராது.”

மிஸ் சிரித்தார். ரீச்சர் சிரிக்கவில்லை. அடுத்த நாளே எனக்கு எழுத மணல் பரப்பி வைத்தார். இப்போது அந்தக் கொட்டிலில் பிள்ளைகள் எல்லாம் களிமண்ணில் மாடு செய்கிறார்கள், நான் ஒருவன்தான் படிக்கிறேன். உங்கள் மகள் என் முதுகில் ஏறி நின்று பார்ப்பாள். “அம்மப்பா, ஒங்கட ஆனாவுக்கு வயிறு இல்ல” என்பாள். அவள் வயிற்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் போகும்போது மருத்துவிச்சியின் நிறை அட்டையில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கிடந்த பிள்ளை. கழுத்தெலும்பு தெரிந்த பிள்ளை. இப்போது கோட்டைத் தாண்டிவிட்டாள். தூக்கினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. அந்தச் சந்தோசத்தை எழுதத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

ரீச்சர் வெளியூர்ப் பிள்ளை. போன வைகாசியில் என்ன நடந்தது என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனால் எழுத்தில் அது எப்படி வருகிறது என்று பார்க்க எனக்கு ஆசை.

கண்ணகை அம்மன் சடங்கில் கொம்பு முறிப்போம். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். தகப்பன் எந்தச் சேரியோ பிள்ளையும் அந்தச் சேரி. ஆகவே என் வீட்டில் நானும் பிரஷாந்தியும் தென்சேரி. நீங்களும் யதுர்ஷியும் வடசேரி. வளைந்த இரண்டு கொம்புத் தடிகளைக் கொளுவி, ஒன்றை மரத்தில் கட்டி, மற்றதை வடத்தில் பூட்டி இழுப்பது. முறிந்த கொம்பின் சேரி தோற்றது. தோற்ற சேரியை வென்ற சேரி வசை பாடும். பல வருடம் நின்றுபோயிருந்த விளையாட்டைப் போன வைகாசியில் திரும்ப வைத்தோம். திடலில் மரம் இல்லை. பாலர் பள்ளிக்காக அதைத் தறித்து, கொங்கிறீட் தூண்கள் எழுப்பியிருந்தார்கள். நீங்கள் வடசேரிக் கொம்பைத் தூணில் கட்டினீர்கள். “சீமெந்துத் தூண், மரத்தவிடப் பலம்” என்றீர்கள். எல்லோரும் ஓம் என்றோம். நானும்தான்.

கொம்பு முறியவில்லை. தூண் முறிந்தது. மேலே போட்டிருந்த வளைமரமும் சேர்ந்து விழுந்து ஒரு பொடியனின் தொடையை நசித்தது. அவன் கத்திக்கொண்டு கிடக்க, என் தம்பி மகன் தவராசா வசையை எடுத்தான். “தூண் முறிஞ்ச சேரி, துணியில்லாத சேரி!” நீங்கள் கொம்பைக் கழற்றினீர்கள். அது தவராசாவின் முகத்துக்கு வந்தது. நான் கையை நடுவில் வைத்தேன். முதலில் என் இரண்டு விரல் போனது, பிறகு அவனுடைய தாடை போனது.

இதைக் கேட்டு ரீச்சர், “இவ்வளவும் எதுக்கு ஐயா?” என்றார். “அம்மன் மனம் குளிர” என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது பிழைதான்.

போன கிழமை யாரோ கிடாரத்துக்குக் கல் எறிந்தார்கள். பிள்ளைகள் பயந்துபோனார்கள். நீங்கள் உங்கள் கூட்டாளிமாருக்கு ஒரு சொல் சொல்லிவிட்டால் நல்லது. எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. நான் நேரில் வந்தால் முகம் பார்க்க மாட்டீர்கள் என்று பிரஷாந்தி சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

மாமா,
வினாசித்தம்பி


விளக்கமறியல்,
19.02.2025

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. காவலாளி படித்துச் சிரித்துவிட்டுத்தான் தந்தார். யார் எழுதித் தந்தது? அந்த ரீச்சரா? உங்களைக் கதிரையில் இருத்திவைத்து எனக்கு எதிராக எழுதிவிக்கிறார்களா?

எங்கட கொம்பு முறியவில்லை. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், முறியவில்லை என்று. முறியாத கொம்புக்கு வசை பாடினால் அடி விழும். உங்கள் கையை நான் குறிவைக்கவில்லை. நடுவில் வரச்சொன்னது யார்?

இங்கே எல்லோருக்கும் கதை தெரியும். பெயர் சொல்லி யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. “தூண்” என்று கூப்பிடுகிறார்கள். போன கிழமை ஒருவன் சாப்பாட்டு வரிசையில் நின்று தவராசாவின் வசையைப் பாடினான். அவன் தலையைப் பிடித்துச் சுவரில் அடித்தேன். என் காதுக்குப் பின்னால் அவனுடைய ஆட்கள் கரண்டிக் காம்பால் கிழித்தார்கள். தையல் போட்டிருக்கிறது. பிரஷாந்திக்குச் சொல்ல வேண்டாம்.

அந்த மரம் வடசேரி கொம்பு கட்டுகிற மரம். தறிக்கும்போது எங்களிடம் யார் கேட்டார்கள்? கஞ்சி ஊற்ற இந்த உலகத்தில் வேறு நிலமே இல்லையா? அந்தக் கட்டிடம் எழும்பினால் திடல் இல்லை. திடல் இல்லையென்றால் இனிக் கொம்பு இல்லை. கொம்பு இல்லையென்றால் நாங்கள் சாகும்வரைக்கும் தூண் முறிந்த சேரிதான். என் பிள்ளையின் பிள்ளையும் அந்தப் பெயரோடுதான் நடக்கும். இந்த வைகாசியில் அந்த இடத்திலேயே திரும்ப இழுக்க வேண்டும்.

யதுர்ஷி வடசேரிப் பிள்ளை. தவராசாவின் பெண்சாதியும் முறைக்கு வந்து துழாவுகிற கிடாரத்தில் அவள் குடிக்கக் கூடாது. நாளைக்கே நிறுத்துங்கள். கல் எறிந்தது யாரென்று எனக்குத் தெரியாது. பொடியன்மார் செய்வதற்கு நான் பொறுப்பில்லை.

ரதீஸ்


தில்லைமுனை,
06.03.2025

அன்புள்ள மருமகனுக்கு,

உங்கள் கடிதத்தை நானே படித்தேன்! ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தேன். ‘விளக்கமறியல்’ என்ற சொல்லைத் தாண்டவே ஒரு பகல் போனது. பிரஷாந்தி, “தாங்க அப்பா, வாசிச்சுக் காட்டுறன்” என்றாள். கொடுக்கவில்லை. எழுபது வயதுக்கு மேல் எனக்கு வந்த முதல் கடிதம், அதில் திட்டு இருந்தாலும் என்னுடையதுதானே. காதுக்குப் பின்னால் தையல் போட்ட கதையை அவளுக்குச் சொல்லவில்லை. புண்ணில் தண்ணீர் படவிடாதீர்கள்.

யார் எழுதித் தந்தது என்று கேட்டீர்கள். ரீச்சர் எழுதியிருந்தால் வரி நேராக இருந்திருக்கும்.

இனி இங்கத்தைய செய்தி. கொட்டிலைக் கொளுத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், ஊர் முழுக்க ஒரு கலியாண வீட்டில் இருந்தது. புகை கண்டு ஓடினேன். கிடுகு காய்ந்து கிடந்ததால் வாளி தூக்குமுன் எரிந்துவிட்டது. பிள்ளைகள் செய்து வைத்த களிமண் மாடுகள் நெருப்பில் சுட்டு ஓட்டுத்துண்டு போல ஆகிவிட்டன. இரண்டு பொடியன்மார் கண்டல் பத்தைக்குள்ளால் ஓடினார்கள். ஒருவன் தோணியைத் தள்ள, நான் கரையில் கிடந்த, தோணி வலிக்கிற சவளைத் தூக்கி இடது கையால் வீசினேன். வாயில் பட்டது. பல் ஒன்று மணலில் விழுந்தது. இடது கைக்கு இவ்வளவு பலம் வந்துவிட்டது என்று எனக்கே தெரியாது. எழுதி எழுதி வந்த பலம். அந்தப் பல்லை எடுத்துவந்து பிரஷாந்தியிடம் காட்டினேன். அவள், “ஒங்களுக்கு மண்டை பிசகிட்டு” என்று அழுதாள்.

இப்போது அரைகுறைக் கட்டிடத்துக்குள்ளேயே தறப்பாள் சீலை கட்டிப் பள்ளி நடக்கிறது.

அஸ்மியா மிஸ் வந்தார். உங்கள் கூட்டாளிமார் ஸ்கூட்டரை மறித்துத் திறப்புச் சாவியைப் பிடுங்கி வாவிக்குள் எறிந்தார்கள். அவர்களில் நிதுர்ஷன் அவருடைய முந்தானையைப் பிடித்து இழுத்து, “ஏறாவூருல போய்க் கட்டு” என்றான். அந்தப் பிள்ளை நடந்தே வந்து கிடாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கோப்பை கஞ்சி கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார், “ஐயா, ஆனி மாசத்துக்குள்ள கூரை ஏறாட்டி இந்தக் கட்டிடத்த வேற ஊருக்குக் குடுத்திருவாங்க. இன்னொரு சண்டை வந்தா அதுவரைக்கும்கூட என்னால புடிச்சு வைக்க ஏலா. கஞ்சியும் நிண்டுரும்.”

நிலம் வேறு இல்லையா என்று கேட்டீர்கள். மாரியில் இந்த ஊர் எப்படிக் கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? அந்தத் திடல் ஒன்றுதான் தண்ணீருக்கு மேலே நிற்கும். மரம் தறித்தபோது வடசேரியும் நின்றது, தென்சேரியும் நின்றது. மேசன், “தறிக்கட்டா?” என்று கேட்டபோது நீங்கள் என் பக்கத்தில்தான் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றீர்கள். கொம்பு முறித்துப் பல வருடம் ஆகிவிட்டது, இனி எங்கே என்று நினைத்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மரம் போன பிறகுதான் எல்லோருக்கும் கொம்பு ஞாபகம் வந்தது.

யதுர்ஷியை நிறுத்தமாட்டேன். அவள் வடசேரி என்பது சரி. வடசேரிப் பிள்ளைக்கும் பசிக்கும்.

மாமா


விளக்கமறியல்,
24.03.2025

மாமா,

உங்கள் கடிதத்தை எங்கள் அறையில் இருக்கிற ஓட்டமாவடி மர்சூக் நானாவிடம் காட்டினேன். அவர் வாங்கிச் சத்தமாக வாசித்தார். பல் விழுந்த இடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். “ஒன்ட மாமன் லேசுப்பட்ட ஆள் இல்ல மனே, இந்த ஆளோட ஏன் பகைச்ச?” என்றார் நானா. ஒருவன் உங்கள் ‘ழ’வைச் சுவரில் கீறி வைத்திருக்கிறான். நண்டுதான்.

பிரஷாந்தி பிள்ளையைக் கூட்டிவந்தாள். யதுர்ஷி கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று ஒரு பாட்டுப் பாடினாள். கை காலை ஆட்டி, இடுப்பில் கை வைத்து. கன்னம் வைத்திருக்கிறாள். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. என் பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை மாமா. போன பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

லோயர் வந்தார். சித்திரை வருடப் பிறப்புக் கழிந்து, மே ஐந்தாம் தேதி வழக்கு எடுக்கிறார்கள். தவராசா பிணைக்கு மறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம். அவனுக்கும் ஊர் வாழ்க்கை வேண்டும். நீங்களும் நேரில் வந்து மறுப்பில்லை என்று சொன்னால் நீதவான் விடுவார் என்கிறார். நீங்கள் மறுத்தால் கிடக்க வேண்டியதுதான்.

உங்கள் கை என்னாலேதான் போனது. போன கடிதத்தில் வேறு மாதிரி எழுதினேன், அதைக் கிழித்துவிடுங்கள். நான் வெளியே வந்து உங்களுக்குப் பதிலாக வலை வீசுவேன். சண்டை எனக்கும் அலுத்துவிட்டது.

ரதீஸ்


தில்லைமுனை,
08.04.2025

மருமகன்,

கிழிக்கவில்லை. முதல் கடிதத்தை எப்படிக் கிழிப்பது?

வருவேன். மறுப்பில்லை என்று சொல்வேன். ஒரு சொல்தானே. வாவிக்கரையில் நடந்துபோய் மீன்கொத்திக்குச் சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது.

முறிந்த தூணைத் திரும்ப எழுப்பி, தூண்களுக்கு மேல் புதுவளை போட்டாகிவிட்டது. வருடப் பிறப்பு முடிந்து கூரைச் சீற் ஏற்றத் தொடங்குகிறார்கள். உங்களுக்கு உடுக்கவென்று ஒரு புதுச் சாறன் வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். நிறம் சொல்லமாட்டேன்.

சந்தோசத்தில் கை ஓடவில்லை. இத்துடன் விடுகிறேன்.

மாமா


விளக்கமறியல்,
22.04.2025

மாமா,

நல்லது. நீங்கள் சொன்னால் சொன்னதுதான் என்று எனக்குத் தெரியும்.

பிரஷாந்தி வருடப் பிறப்புக்குப் பலகாரம் கொண்டுவந்தாள். அவளோடு கதைக்க வேண்டியதைக் கதைத்துவிட்டேன். வைகாசிக்கு நான் ஊரில் இருப்பேன்.

ரதீஸ்


தில்லைமுனை,
07.05.2025

மருமகன் ரதீசுக்கு,

நீதவானுக்கு முன்னால் கோட்டில் நீங்கள் என்னைப் பார்த்து, “ஏன் மாமா? ஏன்?” என்று கத்தினீர்கள். பொலிஸ்காரன் உங்கள் கழுத்தைப் பிடித்துத் தள்ளியதால் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

வழக்குக்கு முந்தின கிழமை, வருட விடுமுறை முடிந்து வந்த திங்கட்கிழமை. பிரஷாந்தி வேலைக்கு வெளிக்கிடும்போது, “இண்டைக்குப் புள்ளயக் கூட்டிப்போகாதீங்க அப்பா, மேல் சுடுகுது” என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். நான் யதுர்ஷியின் நெற்றியைத் தொட்டேன். வெள்ளரிப்பழம் போலக் குளிர்ந்து கிடந்தது. அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “போவம் அம்மப்பா, கஞ்சி முடிஞ்சிரும்” என்று அழுதாள். கூட்டிப்போனேன்.

அன்றைக்குப் பாதிப் பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். வந்தவர்களை ஒருமுறை பார்த்தாலே போதும், இரண்டு பேரைத் தவிர எல்லாம் தென்சேரிப் பிள்ளைகள் என்பது தெரிந்திருக்கும். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆளுக்கு இரண்டு கோப்பை ஊற்றலாம் என்று சந்தோசப்பட்டேன். அவ்வளவு மடையன். வடசேரிப் பிள்ளைகளில் யதுர்ஷியும், தகப்பன் கட்டாருக்கு உழைக்கப் போன மதுஷனும் மட்டும் இருந்தார்கள். மதுஷனின் தகப்பன் ஊரில் இல்லாததால் அந்தத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை. மூன்று வயது. கிடாரத்துக்குப் பக்கத்தில் கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றான்.

ஐந்தாறு பேர் வந்தார்கள். முகத்தில் துணி. கையில் இரும்பு அலவாங்கும் பெரிய சுத்தியலும். தூணை உடைக்கத்தான் வந்தார்கள், அது எனக்கு விளங்கியது. கம்சாயினி ரீச்சர் ஓடிப்போய் முதல் தூணைக் கட்டிப்பிடித்தார். “தள்ளுடி” என்றான் ஒருவன். அவர் தள்ளவில்லை. அலவாங்கு அவருடைய தோளில் இறங்கியது. காய்ந்த மட்டை முறிவது போல ஒரு சத்தம். அவர் கத்தவில்லை, அப்படியே தூணோடு சறுக்கிக் கீழே இருந்தார். நான் அகப்பையோடு பாய்ந்தேன். அகப்பையில் இருந்த கொதிகஞ்சியை ஒருவன் கண்ணுக்கு வீசினேன். அவன் பின்னால் போக, மற்றவன் கோபத்தில் கிடாரத்தைக் காலால் உதைத்தான்.

மதுஷனின் இடுப்புக்குக் கீழே முழுவதும் ஊற்றியது. ரதீஸ், நான் கடற்கரையில் யுத்தத்தைப் பார்த்தவன், வெள்ளத்தைப் பார்த்தவன், சுனாமி கொண்டுவந்து போட்டதையெல்லாம் தூக்கிப் புதைத்தவன். அந்தப் பிள்ளையின் சத்தத்தை நான் எங்கும் கேட்டதில்லை. காற்சட்டையைக் கழற்றப்போனேன். துணியோடு தோலும் வந்தது. விட்டுவிட்டேன். வாளித் தண்ணீரை ஊற்றினேன், ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் உங்கள் மகள் கிடாரத்தை உதைத்தவனின் காலைக் கட்டிப்பிடித்துத் தொடையில் கடித்தாள். அவன் குனிந்து அவளைப் பிய்க்க, முகத்துத் துணி கழன்றது.

“நிதுர்ஷன் மாமா! அப்பாக்கிட்டச் சொல்லிக் குடுப்பன்!”

அவனுக்கு ஆத்திரம். அவளை மணலில் தள்ளிவிட்டு, “ஒங்கப்பன்தாண்டி அனுப்பின!” என்றான்.

எல்லோரும் கேட்டார்கள். உங்கள் மகளும் கேட்டாள். அதன் பிறகு அவள் அழவில்லை. வாயில் அவனுடைய இரத்தம், அதைத் துப்பக்கூட இல்லை.

மாலையில் பிரஷாந்தி வந்தாள். கேட்டேன். வாசலிலேயே சொல்லிவிட்டாள். “அவர்தான் சொன்னவர், திங்கக்கிழமை புள்ளய அனுப்பாத எண்டு. ஒங்களுக்குச் சொன்னா நீங்க ரீச்சருக்குச் சொல்லிருவீங்க. நான் என்ன செய்யிற? ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு சேரிக்கும் நான் ஒருத்தி எப்பிடி நிக்கிற அப்பா?” நான் அவளை அடித்தேன். பிறந்ததிலிருந்து அடிக்காத பிள்ளையை, விரல் இல்லாத கையால் கன்னத்தில் அடித்தேன். அவள் அப்படியே நின்றாள். “ரீச்சருக்கு அடிச்சது, புள்ளைக்கு ஊத்தினது, ஒண்டும் அவர் சொல்லல்ல அப்பா. தூண உடைக்கத்தான் சொன்னவர்” என்றாள். உங்களுக்காக அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன், ஒரு சொல் விடவில்லை. நீங்கள் சுத்தியலை அனுப்பினீர்கள். நடுவில் யார் நிற்பார்கள் என்று நினைக்கவில்லை. போன வைகாசியிலும் இப்படித்தான்.

மதுஷன் உயிரோடு இருக்கிறான். ஆசுப்பத்திரியில் முதுகுத் தோலை எடுத்து வெந்த இடத்தில் வைக்கிறார்கள். மருந்து கட்டும் நேரத்தில் அவன் சத்தம் படிக்கட்டு வரைக்கும் கேட்கிறது. ரீச்சருக்குத் தோள் எலும்பு இரண்டு துண்டு. நிதுர்ஷனைப் பொலிஸ் பிடித்துவிட்டது, இதற்குள் உங்கள் பக்கத்து அறைக்கு வந்திருப்பான்.

நான் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் அஸ்மியா மிஸ் வந்தார், கொட்டிக் கிடந்த கஞ்சியில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். “இனி நான் மேலிடத்துக்கு என்னத்தச் சொல்ற ஐயா” என்றார். அப்போது மதுஷனின் தாய் வந்தாள். கையில் மீன் வெட்டுகிற கத்தி. தனியாக இல்லை. அவளுக்குப் பின்னால் வடசேரிப் பெண்கள், திங்கட்கிழமை தங்கள் பிள்ளைகளை வீட்டில் மறித்து வைத்திருந்த அதே பெண்கள். ஒருத்தி தலையில் அடுப்புக் கல், ஒருத்தி இடுப்பில் அரிசிப் பெட்டி. மதுஷனின் தாய் முதல் தூணில் கத்தியைக் குத்தி இறக்கப் பார்த்தாள், அது சீமெந்தில் வளைந்துபோனது. வளைந்த கத்தியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். “இனி ஆராவது ஆம்புள இந்தத் தூணத் தொடட்டும்! வடசேரியோ தென்சேரியோ, வெட்டி வாவிக்குள்ள போடுவன்!” தவராசாவின் பெண்சாதி போய் அவள் பக்கத்தில் நின்றாள். போக ஏறியிருந்த மிஸ் ஸ்கூட்டரை விட்டு இறங்கி, மேசனுக்குப் போன் எடுத்தார்.

இப்போது பெண்கள் அந்தத் திடலில் முறைவைத்து இருக்கிறார்கள். பிரஷாந்தியும் போகிறாள். முதல் நாள் அவளோடு ஒருத்தரும் கதைக்கவில்லை. அவள் தன்பாட்டுக்கு விறகு பிளந்தாள். இரண்டாம் நாள் ஒருத்தி அவளிடம் தேயிலைத் தண்ணி கொடுத்தாள். கூரைக்கு மரம் ஏறிவிட்டது. சீற் வருகிறது.

அதனால்தான் கோட்டில், “பிணைக்கு மறுப்பு உண்டா?” என்று கேட்டபோது, உண்டு என்றேன். மீன்கொத்திக்குச் சொல்லிப் பார்த்த சொல் வேறு, வாயில் வந்த சொல் வேறு. நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. என் கையைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. “இவர் வெளியே வந்தால் வைகாசிக்குள் அந்தத் தூணை உடைப்பார் ஐயா, உடைக்கும்போது நடுவில் பிள்ளைகள் நிற்பார்கள்” என்று மட்டும் சொன்னேன். கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினார்கள். நான் பேனை கேட்டேன். அவ்வளவு பெரிய கோட்டில் எல்லோரும் காத்திருக்க, வி, னா, சி என்று ஒவ்வொன்றாக எழுதி முடித்தேன். நீதவான்கூட எட்டிப் பார்த்தார். எனக்குள் சந்தோசம் பொங்கியது, மறைக்கமாட்டேன். அரசாங்கக் கடதாசியில் என் முதல் கையெழுத்து உங்களுக்கு எதிராகத்தான் விழுந்தது. அதற்கும் நான் வருத்தப்படவில்லை.

அடுத்த தவணைக்கும் வருவேன், அன்றைக்கும் இதையே சொல்வேன். கூரை ஏறி, வைகாசி கழிந்து, பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து குடிக்கும்வரைக்கும் சொல்வேன். நீங்கள் என்னை வெறுப்பீர்கள். வெறுத்துவிட்டு எழுதுங்கள். எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். கூரை எவ்வளவு ஏறியது, மதுஷன் எழுந்து உட்கார்ந்தானா, யதுர்ஷி உங்களைப் பற்றி என்ன கேட்டாள் என்று ஒன்றும் விடாமல் அடுத்த கிழமை எழுதுகிறேன். நீங்கள் அங்கேதானே இருப்பீர்கள்.

மாமா,
வினாசித்தம்பி